கதவை அறைந்து சாத்திய மெக்கானிக்



போன வருஷம் ஒரு மாதம் ட்ரெயினிங் போயிருந்தேன். எந்த ஊர், எந்தப் பட்டறை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். காலையில் முதலாளி வந்து ஒரு ஜாபைக் கொடுப்பார். லேத்தில் மாட்டி, சென்டர் பார்த்து, பாதி டர்னிங் ஓடிக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒரு போன் வரும். உடனே இதைக் கழற்று, அதை மாட்டு என்பார். சாயங்காலம் ஆனால், காலையில் கொடுத்த ஜாப் ஏன் முடியவில்லை என்று கூச்சல் போடுவார். அங்கே இருபது வருஷமாக வேலை பார்க்கும் டர்னர் அண்ணன் ஒருவர் இருந்தார். கை அப்படி ஒரு கை! மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அவர் வாயால் சொன்ன அளவு அப்படியே இருக்கும். முதலாளி கத்தும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு லேத்துக்கு அடியில் கிடக்கும் இரும்புத் துருவலைக் கூட்டிக்கொண்டிருப்பார். இவ்வளவு வேலை தெரிந்த மனுஷன் ஏன் இங்கேயே கிடக்கிறார்? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வால்டர் கிரைஸ்லரின் வாழ்க்கையைப் படித்தேன். நம் மலருக்கு எழுத இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று தோன்றியது.

கிரைஸ்லர் என்றால் நம்மில் பலருக்கு ஒரு காரின் பெயர், அல்லது நியூயார்க்கில் உச்சி பளபளக்கும் ஒரு கட்டடத்தின் பெயர். நம் தாத்தா காலத்தில் ரோட்டில் ஓடிய டாட்ஜ், ப்ளைமவுத் கார்களும் ஃபார்கோ லாரியும் இவர் கம்பெனி சரக்குதான். 1940-களில் பம்பாய் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டு அவற்றை நம் நாட்டிலேயே பூட்டியது. இத்தனைக்கும் காரணமான ஆள் எந்தக் கல்லூரியிலும் கால் வைத்ததில்லை. ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாக இருந்து தொழில் கற்றவர். பல வருஷங்கள் இன்னொருவருக்குக் கீழே வேலை பார்த்தவர். நல்ல மேலதிகாரி, கெட்ட மேலதிகாரி, நல்லவரா கெட்டவரா என்றே சொல்ல முடியாத மேலதிகாரி என்று எல்லா ரகத்தையும் பார்த்தவர். நான் சொல்லப்போவது கார் கதை அல்ல, அந்தக் கதைதான்.

1875 ஏப்ரல் 2-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது எல்லிஸ் என்ற சின்ன ரயில்வே ஊரில். அப்பா யூனியன் பசிபிக் ரயில்வேயில் என்ஜின் டிரைவர். பையன் காலேஜுக்குப் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ பட்டறைக்குள் நுழைய வேண்டும். அப்ரண்டிஸ் ஆக அப்பா சம்மதிக்கவில்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? அதே பட்டறையில் மணிக்கு 10 சென்ட் கூலிக்குத் தரை கூட்டும் வேலையில் சேர்ந்துவிட்டார்! சில மாதங்கள் அவர் கூட்டுகிற அழகைப் பார்த்த பட்டறைத் தலைவர், தானே அப்பாவிடம் பேசி அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொண்டார். அப்ரண்டிஸ் கூலி மணிக்கு 5 சென்ட். அதாவது, வேலை கற்றுக்கொள்வதற்காகச் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஆள் இதையே மறுபடியும் மறுபடியும் செய்யப்போகிறார்.

கருவிகள் வாங்கக் காசில்லை. அதனால் காலிப்பர் முதல் பல கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொண்டார். சின்ன ரயில் என்ஜின் மாடல் ஒன்று செய்து, வீட்டு முற்றத்தில் தண்டவாளம் போட்டு நீராவியில் ஓட்டிக் காட்டினார். படிப்பு வேண்டும் என்று தோன்றியபோது தபால்வழிக் கல்வியில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தார்.

அப்ரண்டிஸ் முடிந்ததும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். கொஞ்ச நாள் ஒரு பட்டறை, பிடிக்கவில்லையென்றால் அடுத்த ரயிலில் அடுத்த பட்டறை. சால்ட் லேக் சிட்டி ரயில்வே பட்டறையில் ஜான் ஹிக்கி என்ற மேலதிகாரி வாய்த்தார். ஒருநாள் தபால் வண்டியின் என்ஜின் சிலிண்டர் ஹெட் உடைந்து வந்து நின்றது. சில மணி நேரத்தில் அது திரும்பப் போயாக வேண்டும். ஹிக்கி இவரைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்தார். கூடவே நின்று நொச்சு நொச்சென்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இவர் முடித்தார், வண்டி போனது. பிறகு ஃபோர்மேன் ஆக்கினார்கள். வேலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளும் ஒரு மேலதிகாரியைச் சின்ன வயசிலேயே பார்த்துவிட்டதால்தானோ என்னவோ, பின்னால் வந்தவர்களை இவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

33 வயதில் சிகாகோ கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் என்ஜின் பிரிவுக்கே தலைவர். வேலை பார்த்த இடம் அயோவா மாநிலத்து ஓல்வைன். இந்தச் சமயத்தில் ஒரு கூத்து நடந்தது. 1908-ல் சிகாகோ கார் கண்காட்சியில் லோகோமொபைல் என்ற காரைப் பார்த்து மயங்கிவிட்டார். விலை 5000 டாலர். கையில் இருந்தது 700. மீதி 4300 கடன்! ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, ஓட்டாமல், வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி நட்டு நட்டாகக் கழற்றினார். பூட்டினார். மறுபடி கழற்றினார். மனைவி டெல்லா வண்டியில் ஏறி உட்காரப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஒருநாள் வெளியே எடுத்தபோது வண்டி நேரே பக்கத்துப் பள்ளத்தில் போய் இறங்கியது என்பது தனிக்கதை.

கதைக்கு வருவோம். ரயில்வேக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்தார், பெயர் ஃபெல்ட்டன். ஒரு வண்டி ஹாட் பாக்ஸால் தாமதமாயிற்று. ஹாட் பாக்ஸ் என்றால் அச்சு உருளும் பேரிங் பெட்டியில் எண்ணெய் வற்றிச் சூடேறி நின்றுவிடுவது. அந்தக் கால ரயில்வேயில் இது அன்றாட நோய். ஆயிரம் பெட்டி ஓடினால் ஒன்று காயத்தான் செய்யும். இதற்காகக் கிரைஸ்லரைச் சிகாகோவுக்கு வரவழைத்து, ஏதோ அவரே எண்ணெயைத் திருடியதுபோல வாய்க்கு வந்தபடி பேசினார் தலைவர். மொத்தப் பிரிவும் எப்படி ஓடுகிறது என்று ஒரு கேள்வி இல்லை. அந்த ஒரு பெட்டிதான் பேச்சு. கிரைஸ்லர் கேட்கிற வரை கேட்டார். பிறகு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அப்போது 1909-ன் கடைசி. வீட்டில் மனைவி, மூன்று குழந்தைகள்.

அடுத்து அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி, சுருக்கமாக ஆல்கோ. பிட்ஸ்பர்க் தொழிற்சாலையில் முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். இரண்டே வருஷத்துக்குள் அந்தத் தொழிற்சாலைக்கே மேலாளர். நஷ்டத்தில் ஓடியது லாபத்துக்குத் திரும்பியது.

ஆல்கோவின் இயக்குநர்களில் ஒருவர் ஸ்டோரோ. இவரேதான் அப்போது ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய பாங்கர்களின் தலைவர். இவர் கண்ணில் கிரைஸ்லர் பட்டார். ஃபிளிண்ட் நகரத்தில் இருந்த பியூக் கார் தொழிற்சாலைக்கு மேலாளர் தேவை. பேசி முடித்தவர் சார்லஸ் நாஷ். செலவில் கறாரான ஆசாமி. வருஷத்துக்கு 6000 டாலர்தான் தர முடியும் என்றார். ஆல்கோவில் இவர் வாங்கியதைவிட அது மிகக் குறைவு. கிரைஸ்லர் சரி என்றுவிட்டார். கார் செய்யும் வேலை ஆயிற்றே!

பியூக்கில் இவர் பார்த்த காட்சியை நம் ஒர்க்‌ஷாப் ஆட்கள் ரசிப்பீர்கள். அங்கே இருந்தவர்கள் நல்ல தச்சர்கள், குதிரை வண்டி செய்து பழகியவர்கள். இரும்பையும் மரம்போலவே இழைத்துக்கொண்டிருந்தார்கள். அடியில் சேறு பட்டுக் கண்ணுக்கே தெரியாமல் போகும் சேசிஸுக்குக்கூட வண்டியின் மேல்பாகம்போலப் பல கோட்டிங் பெயின்ட் அடித்து, தேய்த்து, நாள்கணக்கில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கூலி, எவ்வளவு செலவு என்று கேட்டால் கணக்கே இல்லை. கிரைஸ்லர் பெயின்ட் வேலையைக் குறைத்தார். மரச்சட்டங்களால் ஒரு தடம் போட்டு, சேசிஸை ஆட்கள் கையால் தள்ளிக்கொண்டே பூட்டும்படி செய்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் செலவுக் கணக்கு எழுதினார். நாளைக்கு 45 கார் வந்த அதே கூரையின் கீழ் 200 கார் வந்தது. நாஷ் தலையிடவில்லை. மூன்று வருஷம் 6000 டாலரிலேயே ஓட்டிவிட்டு, ஒருநாள் போய் 25,000 கேட்டார். நாஷ் அதிர்ந்துபோனார், ஆனால் கொடுத்தார். கதவு வரைக்கும் போன கிரைஸ்லர் திரும்பி நின்று, அடுத்த வருஷம் 50,000 வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாராம்!

இனிதான் நம் கதாநாயகனின் உண்மையான சோதனை. அதன் பெயர் வில்லியம் டியூரண்ட்.

டியூரண்ட் சாதாரண ஆள் இல்லை. ஃபிளிண்டில் குதிரை வண்டி வியாபாரம் செய்து பெரிய ஆளானவர். 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கியவரே அவர்தான். கண்டமேனிக்குக் கம்பெனிகளை வாங்கிப் போட்டுக் கடனில் சிக்கி 1910-ல் பாங்கர்களிடம் அதைப் பறிகொடுத்தார். சும்மா இருந்தாரா? செவ்ரலே கம்பெனியை வளர்த்து, அதை வைத்தே பங்குகளைச் சேர்த்து, 1916-ல் ஜெனரல் மோட்டார்ஸைத் திரும்பப் பிடித்துவிட்டார். நாஷ் விலகிப்போய்த் தனிக் கம்பெனி ஆரம்பித்தார். கிரைஸ்லரையும் கூப்பிட்டார்கள். ஆனால் டியூரண்ட் நேரில் வந்து ஒரு தொகை சொன்னார். வருஷத்துக்கு 5 லட்சம் டாலர்! மாதம் 10,000 ரொக்கம், மீதி கம்பெனிப் பங்காக. பியூக்கின் தலைவர் பதவி, மூன்று வருஷ ஒப்பந்தம். கிரைஸ்லர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பியூக் விஷயத்தில் எல்லா அதிகாரமும் தன்னிடம் இருக்க வேண்டும், குறுக்கே யாரும் வரக்கூடாது. டியூரண்ட் மேஜையைத் தட்டிச் சம்மதித்தார்.

அந்தச் சம்மதம் எத்தனை நாள் நின்றது? பாருங்கள்.

டியூரண்ட் இருந்தது நியூயார்க்கில். அவர் மேஜையில் வரிசையாகப் போன்கள். பாதி நேரம் பங்குச் சந்தையோடு பேச்சு. பேசவேண்டும், உடனே வா என்று ஃபிளிண்டிலிருந்து கிரைஸ்லரை வரச்சொல்வார். இவர் ரயிலேறிப் போய் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், இரண்டுநாள், மூன்றுநாள். உள்ளே இருந்து அழைப்பு வராது. கடைசியில் பேசாமலே திரும்பிவிடுவார். ஃபிளிண்டில் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு முடிவு சொல்லவேண்டிய மனுஷன், நியூயார்க்கில் பெஞ்சு தேய்த்துக்கொண்டிருந்தார். அதே சமயம், பியூக் ஆட்களைப் பற்றிய சில முடிவுகள் கிரைஸ்லருக்குத் தெரியாமலே நியூயார்க்கில் எடுக்கப்பட்டன. தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றிய செய்தி மூன்றாவது ஆள் வழியாகத் தன் காதுக்கு வந்தால் எப்படி இருக்கும்?

உச்சக்கட்டம் ஒரு விருந்தில். ஃபிளிண்ட் வணிகர்கள் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிரைஸ்லரும் இருக்கிறார். டியூரண்டின் தந்தி ஒன்றை எழுந்து வாசிக்கிறார்கள். ஃபிளிண்டில் 60 லட்சம் டாலர் செலவில் சேசிஸ் ஃப்ரேம் தொழிற்சாலை கட்டப்போகிறோம் என்று செய்தி. ஊரே கைதட்டுகிறது. பியூக் தலைவருக்கு அது அந்த நிமிஷம்தான் தெரியும்! அவரோ மில்வாக்கியில் உள்ள ஏ.ஓ. ஸ்மித் கம்பெனியிடம் ஃப்ரேம் வாங்கிக்கொண்டிருந்தவர். அவர்கள் அதிலேயே ஊறியவர்கள், விலையும் கட்டுப்படி. தானே செய்தால் செலவு கூடும் என்பது அவர் விரல்நுனியில் இருந்த கணக்கு. எழுந்து, தான் இருக்கும்வரை அந்தத் தொழிற்சாலை வராது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வெளியேறினார். பிறகு கணக்கோடு போய் மேலிடத்தில் சண்டை போட்டார், ஜெயித்தார். தொழிற்சாலை கட்டப்படவில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன். சரியான முதலாளியாக இருந்தால் இந்தச் சண்டையே தேவையில்லையே! தந்தி அடிக்குமுன் ஒரு போன் போதும். மேஜைமேல்தான் அத்தனை போன் இருந்ததே!

டியூரண்டை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. 1918-ல் யாரும் மதிக்காத ஒரு குளிர்பெட்டிக் கம்பெனியை வாங்கினார். அதுதான் பின்னால் உலகமே அறிந்த ஃப்ரிஜிடேர். ஆனால் அதே கையால் 1917-ல் சாம்சன் டிராக்டர் கம்பெனியையும் வாங்கினார். அது கோடிக்கணக்கில் பணத்தை விழுங்கிவிட்டு இழுத்து மூடப்பட்டது. எது எது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. பியூக் சம்பாதித்துக் கொடுத்ததை மற்றவை தின்றுகொண்டிருந்தன. ஆளோ ரொம்பவும் இனிமையானவர். கோபமாகப் போனவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு திரும்புவார்களாம். கிரைஸ்லரும் எத்தனையோ முறை அப்படித் திரும்பியவர்தான். கத்துகிற முதலாளியை விட்டு வருவது சுலபம். சிரிக்கிற முதலாளியை விட்டு வர மூன்று வருஷம் பிடித்தது.

1919-ல் ஒரு கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியது. கிரைஸ்லர் எழுந்தார், வெளியே போனார், கதவை அறைந்து சாத்தினார். அந்தச் சத்தத்தை அங்கே இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் பல வருஷங்களுக்குப் பிறகும் மறக்காமல் எழுதியிருக்கிறார். ஸ்லோன் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸுக்கே தலைவரானவர். கிரைஸ்லர் தன் பங்குகளை விற்றபோது கிடைத்தது ஒரு கோடி டாலர். அடுத்த வருஷமே, 1920 நவம்பர் கடைசியில், பங்குச் சந்தைக் கடனில் மூழ்கி டியூரண்ட் இரண்டாவது தடவையாக ஜெனரல் மோட்டார்ஸை இழந்தார்.

45 வயதில் ஓய்வு. வீட்டில் சும்மா உட்கார்ந்தவரை டெல்லாவால் தாங்க முடியவில்லை போலும்! பாங்கர்கள் வந்து கூப்பிட்டார்கள். கடனில் தத்தளித்த வில்லிஸ்-ஓவர்லேண்ட் கார் கம்பெனியைக் கரையேற்ற வருஷம் 10 லட்சம் டாலர் சம்பளம். போனதும் அவர் கைவைத்த முதல் செலவுகளில் ஒன்று, முதலாளி வில்லிஸின் சொந்தச் சம்பளம். அதைப் பாதியாக வெட்டினார்! அங்கேதான் ஜீடர், ஸ்கெல்ட்டன், பிரீர் என்ற மூன்று என்ஜினியர்களைக் கண்டுபிடித்தார். புதிய கார் ஒன்றை அவர்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1922-ல் அந்தத் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தபோது அதிக விலை கேட்டு எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? அதே டியூரண்ட்! தொழிற்சாலையும் போயிற்று, காரின் டிசைனும் போயிற்று. மூன்று என்ஜினியர்கள் மட்டும் கிரைஸ்லரோடு வந்தார்கள். மறுபடி முதலிலிருந்து வரைந்தார்கள்.

மாக்ஸ்வெல் என்ற நொடித்த கம்பெனியை வைத்துக்கொண்டு 1924-ல் அந்தக் கார் வந்தது. கண்காட்சியில் இடம் தரவில்லை, இன்னும் விற்பனைக்கு வராத கார் என்று காரணம் சொன்னார்கள். நியூயார்க் கமடோர் ஹோட்டல் வரவேற்பு மண்டபத்தையே வாடகைக்குப் பிடித்துக் காரை நிறுத்தினார். ஆறு சிலிண்டர், 68 குதிரைசக்தி, 4.7-க்கு 1 கம்ப்ரஷன் ரேஷியோ, நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக். நமக்கு இன்று 4.7 என்றால் சிரிப்பு வரும். அன்றைய பெட்ரோலுக்கு அது பெரிய துணிச்சல். முதல் வருஷத்தில் சுமார் 32,000 கார் விற்றது. 1925 ஜூன் 6-ல் கிரைஸ்லர் கார்ப்பரேஷன் பிறந்தது. 1928-ல் டாட்ஜை வாங்கினார், ப்ளைமவுத்தைக் கொண்டுவந்தார். 1930-ல் 1046 அடி உயரக் கட்டடம். அதன் உச்சியில், ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கான தளத்தில், எல்லிஸ் பட்டறையில் கையால் செய்த கருவிகளைப் பெட்டியோடு வைத்தார்.

இவர் எப்படிப்பட்ட முதலாளி? அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1937 மார்ச்சில் டெட்ராய்ட்டில் கிரைஸ்லர் தொழிற்சாலைகளுக்குள் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு மெஷின்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தங்கள் சார்பில் பேசத் தங்கள் சங்கத்துக்கு மட்டுமே உரிமை வேண்டும் என்பது கோரிக்கை. தன்னை ஒரு தொழிலாளி என்றே தலைப்பில் சொல்லித் தன் வாழ்க்கையை அவர் வெளியிட்ட அதே வருஷம்! அவரே போய்ச் சங்கத் தலைவர் ஜான் லூயிஸுக்கு எதிரே உட்கார்ந்து பேசவேண்டி வந்தது. மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாமல் போவது டியூரண்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை போலும்.

1938-ல் படுக்கையில் விழுந்தார். அதே வருஷம் டெல்லா போய்விட்டார். 1940 ஆகஸ்ட் 18-ல் இவரும் போனார். டியூரண்ட் 1936-ல் திவாலாகி, ஃபிளிண்டில் ஒரு பந்து உருட்டும் விளையாட்டுக் கூடம் நடத்தி, 1947-ல் இறந்தார். அவரைப் பற்றித் தன் புத்தகத்தில் கிரைஸ்லர் அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்.

போன மாதம் அந்த டர்னர் அண்ணனை டீக்கடையில் பார்த்தேன். இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். ஒரு கோடி டாலர், வானுயரக் கட்டடம் எல்லாம் கேட்டும் அவர் முகத்தில் அசைவில்லை. ரயில்வே வேலையை விட்டாரே, அந்த இடத்தில் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அப்போது அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மூன்று என்றேன். தனக்கு இரண்டு என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.